வலக்கரமா, தொண்டரா, உறுதுணையா? பட்டயத்தில் பொறிக்க ஒரு சொல்

பெங்களூர் அல்சூரில் எங்கள் சிறு வாசகசாலையையும் மாலை நேரத் தமிழ் வகுப்பையும் தொடங்கிய ஐயா காலமாகிவிட்டார். அவர் இருந்த காலம் முழுக்க அவர் கூடவே நின்ற ஒருவர் இன்றும் எங்களோடு இருக்கிறார். சாவி அவரிடம், கணக்கு நோட்டு அவரிடம், யார் வீட்டுப் பிள்ளை வகுப்புக்கு வராமல் நின்றுவிட்டது என்ற விவரமும் அவரிடம். கடைசிக் காலத்தில் ஐயாவை டயாலிசிஸுக்கு ஆட்டோவில் அழைத்துப் போனவரும் அவர்தான். எல்லோரும் அவரை அண்ணன் என்றே கூப்பிடுவோம். வருகிற பொங்கல் விழாவில் அவருக்குப் பாராட்டுப் பட்டயம் தருவது என்று முடிவாகி, வாசகம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. மற்றதெல்லாம் எழுதியாயிற்று. ஐயாவுக்கு அவர் யாராக இருந்தார் என்பதைச் சொல்லும் இடத்தில் மட்டும் வேலை நின்றது.

குழுவின் வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு சொல் வந்தது. வலக்கரம், தொண்டர், விசுவாசி, உதவியாளர், அணுக்கர், உறுதுணை. கன்னடத்திலும் ஒரு வரி வேண்டும் என்பதால் அதற்கும் யோசனைகள் வந்தன. இதே மாதிரி வாசகம் எழுத உட்காருகிற மற்றவர்களுக்கும் பயன்படும் என்றுதான் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டேன். அண்ணன் மேடையில் நிற்க, அவருடைய பேரப்பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருக்க, அந்தச் சொல்லை மைக்கில் வாசித்தால் அவருக்குப் பெருமையாக இருக்குமா? ஐயாவுக்கும் அவருக்கும் இருந்த நெருக்கத்தைச் சொல்லுமா? ஐயா இல்லாத இன்றைக்கும் அவருக்குப் பொருந்துமா? மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியம். ஐயா போன பிறகும் வாசகசாலைக் கதவு காலையில் திறக்கிறது. யாரும் சொல்லி அண்ணன் திறக்கவில்லை. ஒரு பெரியவருக்கு உண்மையாக இருந்தார் என்று மட்டும் எழுதினால், அவருடைய சொந்த அறிவும் முடிவும் பட்டயத்துக்கு வெளியே நின்றுவிடும்.

முதலில் வலக்கரம். அதிகம் பேர் கேட்டது இதைத்தான். கையை வைத்து உதவியைச் சொல்வது தமிழில் ஆழமாக ஊறிய பழக்கம். உடை நழுவும்போது கை தானாகப் போய்ப் பிடிப்பதுபோல் நண்பனின் துன்பத்தைத் துடைக்க ஓடுவதுதான் நட்பு என்கிறது 788ஆம் குறள். அந்தக் கை யார் கட்டளைக்கும் காத்திருப்பதில்லை. அண்ணனும் அப்படித்தான். ஆனால் நாளிதழ்களில் வலக்கரம் யாருக்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். அமைச்சரின் வலக்கரம், தாதாவின் வலக்கரமாகச் செயல்பட்டவர் கைது. நல்லவருக்கும் கெட்டவருக்கும் ஒரே சொல் போவதால், யாருடைய கரம் என்பதைப் பொறுத்தே மதிப்பு கூடிக் குறைகிறது. சொந்த மதிப்பு அதில் இல்லை. அப்புறம், கரம் என்பது இன்னொருவர் உடம்பின் பாகம். உடையவர் போனபின் அது எங்கே போகும்? என் மூன்றாவது கேள்வியில் இந்தச் சொல் தோற்றுவிடுகிறது.

இதில் பெங்களூரில் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. சிலர் வலக்கரத்தை 'வலங்கை' என்று எழுதினால் அழகாக இருக்கும் என்றார்கள். வேண்டவே வேண்டாம். சோழர் காலம் தொட்டு வலங்கை, இடங்கை என்பவை சாதிப் பிரிவுகளின் பெயர்கள். கர்நாடகத்தில் அது பழங்கதையும் ஆகிவிடவில்லை. பட்டியல் சாதிகளுக்கான உள்ஒதுக்கீடு பற்றிய கன்னடச் செய்திகளில் வலக்கைச் சமூகம், இடக்கைச் சமூகம் என்ற சொற்கள் இன்றும் அன்றாடம் புழங்குகின்றன. பாராட்டு வாசகத்தைப் படிப்பவர் அதில் சாதியைத் தேட ஆரம்பித்தால், பாராட்டு அங்கேயே முடிந்தது.

கையாள் என்ற சொல்லுக்கு ஒரு நல்ல முகம் இருக்கிறது. கொத்தனாருக்குக் கல்லும் கலவையும் எடுத்துக் கொடுப்பவரைக் கையாள் என்பது உழைப்பைச் சொல்லும் நேரான பேச்சு. ஆனால் அரசியல் அதைக் கெடுத்துவிட்டது. அந்நியனின் கையாள், முதலாளிகளின் கையாள் என்று கேட்டுக் கேட்டு, காசுக்கு விலைபோனவன் என்ற பொருள்தான் இன்று முன்னால் நிற்கிறது. எடுபிடி, அல்லக்கை இரண்டையும் யாரும் பட்டயத்துக்குச் சொல்லமாட்டார்கள். பேச்சில்கூட, நம் வீட்டிலும் அலுவலகத்திலும் ஓடியாடி வேலை பார்ப்பவர்களை அப்படிச் சொல்வதை விட்டுவிடலாம்.

அடியாள் என்றால் இன்று அடிதடிக்கு வைத்துக்கொண்ட ஆள். அதே 'அடி' பக்தி மரபில் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று நினைத்தால் மனசு கனக்கிறது. பழைய வழக்கில் ஒரு பெண் பணிவோடு தன்னைச் சொல்லிக்கொள்ள அடியாள் என்பாள். சுந்தரர் தம் திருத்தொண்டத் தொகையில் ஒவ்வொரு அடியாருக்கும் தான் அடியேன் என்று பாடினார். வைணவர்கள் கருடனைப் பெரிய திருவடி என்றும் அனுமனைச் சிறிய திருவடி என்றும் சொல்கிறார்கள். உண்மையான துணைவர்கள் என்றதும் நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வரும் அந்த இருவருக்கும் இறைவனின் பாதமே பெயராகிவிட்டது. இதைவிட உயர்ந்த சொல் கிடைக்காது. ஆனால் இதெல்லாம் கடவுளுக்கும் பக்தனுக்கும் நடுவே உள்ள பேச்சு. மனிதனுக்கு மனிதன் அடியான் என்று பட்டயத்தில் பொறிப்பதை ஐயாவே பொறுத்திருக்கமாட்டார்.

ஆள் என்று முடியும் சொற்களில் எனக்கு இன்னொரு தயக்கமும் இருக்கிறது. எங்கள் குழுவில் பாதிப்பேரின் குடும்பங்கள் வேலூர், திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்தவை. பண்ணையாள், படியாள் என்ற சொற்கள் அவர்களுக்கு அகராதிச் சொற்கள் அல்ல. படிக் கணக்கில் தானியம் வாங்கிக்கொண்டு ஒரே வீட்டுக்கு உழைத்துத் தீர்ந்த தாத்தாக்களின் அடையாளம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல்தான் வந்தது. பல தலைமுறை ஒரே குடும்பத்துக்கு உண்மையாக உழைத்தவர் என்று புகழும்போது, அந்த உண்மைக்குப் பின்னால் கடன் பத்திரம் இருந்ததா, விருப்பம் இருந்ததா என்று கேட்காமல் விடக்கூடாது. அண்ணன் தன் விருப்பத்தில் வந்தவர். சொல்லும் அதைக் காட்ட வேண்டும்.

விசுவாசி என்ற சொல் இங்கேதான் எனக்குச் சறுக்குகிறது. தலைவரின் தீவிர விசுவாசி என்ற செய்தித்தாள் நடை ஒரு பக்கம். சிவாஜிநகர் செயின்ட் மேரி பசிலிக்காவில் தமிழ்த் திருப்பலிக்குப் போகிறவர்களுக்கு விசுவாசி என்றால் இறைநம்பிக்கை உள்ளவர் என்பதே பொருள். அந்தப் பொருளில் அது நிறைவான, அழகான சொல். மனிதருக்கு மனிதர் என்று வரும்போதுதான் சிக்கல். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம், செஞ்சோற்றுக் கடன் என்கிறோம். சோறு போட்டவருக்குப் பட்ட கடனாகவே விசுவாசத்தை நம் மொழி பார்த்து வந்திருக்கிறது. ஐயா அண்ணனுக்குச் சோறு போடவில்லை. அண்ணன் தனியாகத் தையல் கடை வைத்துப் பிழைத்தவர். கடனே இல்லாத இடத்தில் கடன் தீர்த்தவர் என்று எழுதுவது அவருக்குச் செய்யும் குறை. ஒருவரை நம்பி வேலையை ஒப்படைக்க என்னென்ன வேண்டும் என்று 513ஆம் குறள் நான்கைச் சொல்கிறது: அன்பு, அறிவு, தெளிவு, ஆசையின்மை. முதலில் நிற்பது மட்டும்தான் விசுவாசத்துக்குக் கிட்டத்தில் வருகிறது. மற்ற மூன்றும் ஒருவருடைய சொந்தத் திறமும் குணமும்.

உதவியாளர், பணியாளர் இரண்டும் சம்பளப் பட்டியலில் வரும் சொற்கள். குறையில்லாதவை, சூடும் இல்லாதவை. அலுவலகக் கடிதத்துக்கு அவையே சரி. பட்டயத்துக்கு வேண்டாம்.

அணுக்கர் என்ற சொல்லை எங்களில் ஒரு தமிழாசிரியர் முன்வைத்தார். இதில் நான் கொஞ்ச நாள் மயங்கியே கிடந்தேன். அணுகி நிற்பவர் அணுக்கர். கோவில்களில் கருவறைக்கு அருகிலுள்ள வாயிலுக்கு அணுக்கன் திருவாயில் என்று பெயர். ரமணரோடு இருந்து பணிவிடை செய்தவர்களை அணுக்கத் தொண்டர்கள் என்று இன்றும் எழுதுகிறார்கள். இதே வரிசையில் வேறு பழஞ்சொற்களும் உண்டு. பாண்டியர்களுக்குத் தென்னவன் ஆபத்துதவிகள் என்ற மெய்க்காவலர்கள் இருந்தார்கள். சோழர்களுக்கு வேளைக்காரப் படை. இன்றைய வேலைக்காரருக்கும் இதற்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். இவர் வேளை வந்தால் உயிர் கொடுக்கச் சபதம் செய்தவர். தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகளில் இந்தப் படைகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன.

கன்னட நாட்டுக் கதை இதற்குச் சற்றும் குறைந்ததில்லை. ஹோய்சள மன்னன் இரண்டாம் வீர வல்லாளன் 1220இல் இறந்தபோது, அவனுடைய தளபதியும் காவலனுமான குவர லட்சுமன் தன் மனைவியோடும் வீரர்களோடும் உயிரை மாய்த்துக்கொண்டான். ஹளேபீடு கோவிலருகே நிற்கும் கருடக் கம்பம் அவர்கள் நினைவாக எழுந்தது. அப்படிப்பட்ட காவலர்களுக்குக் கருடர் என்றே பெயர். பெரிய திருவடி இங்கேயும் வந்துவிட்டார்! இவ்வளவு தூரம் போவானேன், பெங்களூர் என்ற பெயரே கல்லில் நமக்கு முதலில் கிடைப்பது பேகூர்க் கோவிலில் உள்ள நடுகல்லில்தான். சுமார் கி.பி. 890. பெங்களூரில் நடந்த சண்டையில் நாகத்தரன் என்ற தலைவனின் பக்கம் நின்று மாண்டவரைப் பற்றிய கல் அது. இந்த ஊரின் பெயர் எழுத்தில் வந்ததே உண்மையாக நின்ற ஒருவரைச் சொல்வதற்காக என்று தெரிந்தபோது எனக்குப் புல்லரித்தது. பேகூர் போகாதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ஆனால் தேர்வு என்று வரும்போது இந்தச் சொற்களை ஒதுக்கவே சொல்வேன். ஆபத்துதவியும் கருடரும் உயிரை விட்டவர்களின் பெயர்கள். அண்ணன் உயிரோடு இருந்து கதவைத் திறப்பதுதான் எங்களுக்கு வேண்டும். தலைவன் இறந்தால் கூடவே இறப்பதை விசுவாசத்தின் உச்சமாகப் பார்த்த காலத்தின் சொல், தலைவர் இறந்த பிறகு வேலையைத் தொடர்ந்தவருக்குப் பொருந்தாது. அணுக்கர் இவற்றைவிட மென்மையானது. ஆனால் அரசவை நெருக்கத்தின் வாசம் அதில் இருக்கிறது. ராஜேந்திர சோழனின் அணுக்கியார் பரவை நங்கையார் திருவாரூர்க் கல்வெட்டில் வருவது அந்தப் பொருளில்தான். பட்டயத்தை வாசிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். விளக்கம் கேட்கும் சொல் மேடைக்கு ஆகாது.

மிச்சம் இரண்டு: தொண்டர், உறுதுணை.

தொண்டர் மேல் எனக்குப் பெரிய மரியாதை. பெரியபுராணத்துக்குச் சேக்கிழார் வைத்த பெயரே திருத்தொண்டர் புராணம். பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை மதிப்புக் குறையாத சொல். கட்சித் தொண்டர் என்ற வழக்கு வந்த பிறகும், தொண்டு என்ற வேர்ச்சொல் கறைபடவில்லை. சிங்கப்பூரில் ஊதியமில்லாமல் பொதுவேலை செய்பவரைத் தொண்டூழியர் என்கிறார்கள். தொண்டு ஒரு பணிக்குச் செய்வது. ஐயாவின் தொண்டர் என்று எழுதினால் ஐயா கட்சித் தலைவர் போல ஆகிவிடுவார். வாசகசாலையின் தொண்டர் என்று எழுதினால் கச்சிதமாக உட்காருகிறது. ஐயா போனபின்னும் அது செல்லும். ஒரு குறை: இருவருக்கும் நடுவே இருந்த நெருக்கத்தை அது சொல்வதில்லை.

அதைச் சொல்ல உறுதுணை இருக்கிறது. மேடைப்பேச்சில் உறுதுணையாக இருந்த அனைவருக்கும் நன்றி என்று கேட்டுத் தேய்ந்த சொல், பந்தல் போட்டவருக்கும் அதையே சொல்கிறோமே என்று ஒரு தம்பி குழுவில் எழுதினான். நியாயமான பேச்சுதான். ஆனாலும் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். உறு, தவ, நனி மூன்றும் மிகுதியைக் காட்டும் என்கிறது தொல்காப்பியம். மிகுந்த துணை, உறுதுணை. அந்தத் துணை என்ற சொல் எங்கெல்லாம் போகிறது? துணைத் தலைவர் என்றால் ஒரு படி கீழே. வாழ்க்கைத் துணை என்றால் சரிசமம். கடிதத்தின் மேலே முருகன் துணை என்று எழுதினால் நமக்கு மேலே. குறளில் பெரியாரைத் துணைக்கோடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அங்கே துணையாக வருபவர் நம்மைவிடப் பெரியவர். கீழ், சமம், மேல் மூன்றுக்கும் பொருந்தி, யார் பெரியவர் யார் சிறியவர் என்ற கேள்வியை எழுப்பாமலே நெருக்கத்தைச் சொல்லும் வேறு சொல் இந்தப் பட்டியலில் இல்லை. ஐயாவுக்கும் அண்ணனுக்கும் நடுவே இருந்தது அதுதான். பாடத்திட்டம் ஐயா முடிவு செய்வார், பணம் எதற்குச் செலவாகலாம் என்பதை அண்ணன் முடிவு செய்வார், ஐயா அதற்குக் கட்டுப்படுவார். தேய்ந்த சொல்லாக இருந்தாலும் இடம் பார்த்து வைத்தால் பளபளக்கும்.

கன்னட வரிக்கு வருவோம். அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை பல வருடம் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது, அதே மாதம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு இந்தப் பகுதியில் தமிழ் நிகழ்ச்சி என்றால் கன்னடத்துக்கும் மேடையில் இடம் கொடுப்பதை நாங்கள் கடமையாகவே வைத்திருக்கிறோம். கன்னடத்தில் இதற்கென்றே ஒரு சொல் தயாராக இருக்கிறது: பலகை பண்ட. வலக்கை வீரன் என்று பொருள். பண்ட என்பது நல்ல, வீரமான சொல். அனுமனை ராமனின் பண்ட என்பார்கள், கடலோரக் கர்நாடகத்தில் அது ஒரு சமூகத்தின் பெயர். ஆனால் வலக்கரத்துக்குத் தமிழில் நடந்ததே இதற்கும் நடந்திருக்கிறது. குற்றச் செய்திகளில் தாராளமாக வருகிறது. தமிழ் எழுத்தில் எழுதினால் மரப்பலகை என்று வேறு படிப்பார்கள். ஆப்த சகாயக என்பது அமைச்சர் அலுவலக உதவியாளரின் பதவிப்பெயர். எனக்குப் பிடித்தது ஒடனாடி. உடன் என்ற நம் சொல்லின் உறவு அது, கூடவே வாழ்ந்த தோழமையைச் சொல்வது. உறுதுணைக்கு இணையாக அதை வைக்கலாம்.

ஆகவே எங்கள் பட்டயத்துக்கு என் தேர்வு உறுதுணையும் தொண்டரும் சேர்ந்து. ஐயாவோடு உறவைச் சொல்ல ஒன்று, வாசகசாலையோடு உறவைச் சொல்ல ஒன்று. உங்கள் சூழ்நிலை வேறாக இருக்கலாம். நிறுவனத்துக்கு உழைத்தவர், தனி ஒருவரோடு நெருக்கம் இல்லை என்றால் தொண்டர் மட்டும் போதும். இறப்புச் செய்தி என்றால் 'இறுதிவரை உடனிருந்தவர்' என்று வாக்கியமாகவே எழுதிவிடுங்கள். வீட்டில் பல வருடம் சமையலும் பிள்ளைகளும் பார்த்த அக்காவைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் வேலைக்காரி, ஆயா என்பதை விட்டு, வீட்டுப் பணியாளர் என்றோ, அதைவிட நல்லது, அவர் பெயரையே சொல்லியோ எழுதுங்கள். ஒருவருக்கு எந்தச் சொல் என்று குழம்பினால் அவரிடமே கேட்பதிலும் தப்பில்லை. அண்ணனுக்கு விழாவில் தெரியட்டும் என்பது குழுவின் ஆசை என்பதால் நாங்கள் கேட்கவில்லை. அவர் மனைவியிடம் காட்டினோம். உறுதுணை நல்லா இருக்கு, தொண்டரும் இருக்கட்டும், கட்சிக்காரர்னு யாரும் நினைக்காத மாதிரி எழுதுங்க என்றார்.

குழுவுக்கு நான் அனுப்பியிருக்கும் வரி இது: 'ஐயாவின் உறுதுணையாக நின்றவரும், இந்த வாசகசாலையின் தொண்டராக விளங்குபவருமான அண்ணன் அவர்களுக்கு'. நின்றவர் என்பது கடந்த காலம், விளங்குபவர் நிகழ்காலம். அச்சில் இதை மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அண்ணன் என்ற இடத்தில் அவருடைய முழுப்பெயர் வரும், ஐயாவின் பெயரைவிடப் பெரிய எழுத்தில். கன்னட வரியைப் பொறிக்கக் கொடுக்கும் முன் பக்கத்துப் பள்ளிக் கன்னட ஆசிரியையிடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். மாற்று யோசனை இருப்பவர்கள் அதற்குள் சொல்லிவிடுங்கள்.